தாழைக் கணவாயில் கேட்ட கேள்வி

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசும். மனிதர்களும் பேசுவார்கள், ஆனால் விலங்குகள் சொல்வதில் பொருள் கொஞ்சம் அதிகமாக இருக்கும். இது போதாதென்று இறந்தவர்களும் சில சமயம் எழுந்து நடப்பார்கள். அவர்கள் பேசுவது மிகவும் குறைவு. இந்தக் கதையே அந்தக் குறையைப் பற்றியதுதான்.

மலைக்குத் தெற்கே பொன்வரைப் பேரரசு இருந்தது. பேரரசு என்று ஒன்று இருந்தால் அதற்குப் பகைவர்கள் வேண்டும். இல்லாவிட்டால் அவ்வளவு பெரிய படையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாராவது கேட்டுவிடுவார்கள். பொன்வரைக்கு அந்தக் கவலை இல்லை. மலைக்கு வடக்கே, வெயில் எட்டிப் பார்க்காத ஒரு பள்ளத்தாக்கில் ஊமத்தன் என்ற இருள் மந்திரவாதி இருந்தான். அவனுக்குக் கீழே இரண்டு படைகள் இருந்தன.

ஒன்று, கோரைப்பல்லர் படை. பச்சைத் தோலும், உதட்டை மீறி மேலே வளைந்த பற்களுமாக இருந்த மலைக்கூட்டம் அது. சிலர் இவர்களை அரக்கர் என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழை. அரக்கர் என்றால் பத்துத் தலை இல்லாவிட்டாலும் ஒரு வரமாவது வாங்கியிருக்க வேண்டும். கோரைப்பல்லர் யாரிடமும் எந்த வரமும் வாங்கியதில்லை. அவர்களிடம் இருந்தது பசி ஒன்றுதான்.

இன்னொன்று, நடைப்பிணங்களின் படை. போரில் செத்தவர்களை ஊமத்தன் மந்திரம் சொல்லி எழுப்பி, காயங்களைத் தைத்து, கற்பூரமும் வசம்பும் பூசி, வரிசையாக நிறுத்திவைப்பான். பிணங்கள் நள்ளிரவில்தான் எழும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பிணத்துக்கு இரவென்ன, பகலென்ன? இவை நன்றாக விடிந்த பிறகுதான் கிளம்பும். வழி தெரிய வேண்டாமா?

இந்தப் பகையெல்லாம் ஒருபுறம் இருக்க, பொன்வரை மக்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. இருவர் சந்தித்தால் ஒருவர் "வெற்றி பேரரசுக்கு!" என்பார். மற்றவர் "பெருமை நமக்கு!" என்பார். அவ்வளவுதான். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். சாப்பாட்டைப் பற்றிப் பேசவே மாட்டார்கள். ஒருவரைப் பார்த்துச் சாப்பிட்டாயா என்று கேட்பது, உன் வீட்டு அடுப்பில் பூனை தூங்குகிறதா என்று கேட்பதற்குச் சமம். அதற்காகச் சம்பந்தங்கள் முறிந்திருக்கின்றன. தலைநகரில் ஒரு தானைத்தலைவர் இன்னொரு தானைத்தலைவரின் மூக்கை வெட்டியதே இந்தக் கேள்வியால்தான் என்று சொல்வார்கள்.

அப்படி இருக்கையில் ஒரு கோடையில் பேரரசி தன் பெரும்படையை மலைக்கு வடக்கே அனுப்பினாள். மலையில் இருந்த ஒரே வழி தாழைக் கணவாய். அதன் வாயில் ஒரு கோட்டை இருந்தது. கோட்டைக்குத் தலைவி கொற்றி. பருத்த தோள்களும் உரத்த குரலும் கொண்டவள். மதிலின் மேல் நின்று அவள் இருமினால் அடிவாரத்தில் ஆடுகள் திரும்பிப் பார்க்கும். படை கணவாயைக் கடந்து போனபோது அதில் அவளுடைய தம்பி செம்பனும் போனான். தாயில்லாமல் அவள் தூக்கி வளர்த்த தம்பி.

"வெற்றி பேரரசுக்கு!" என்றாள் கொற்றி.

"பெருமை நமக்கு!" என்றான் செம்பன். அவ்வளவுதான் சொல்லிக்கொண்டார்கள். வேறு என்ன சொல்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. வழக்கத்தில் வேறு சொல் இல்லை.

படை தோற்றது.

தோற்ற செய்தி வந்த சில நாட்களில், தோற்றவர்களே வரத் தொடங்கினார்கள். ஒருவர், இருவர், பத்துப்பேர் என்று கணவாய் வழியே தள்ளாடி வந்து கோட்டைக் கதவுக்கு முன் நின்றார்கள். "வெற்றி பேரரசுக்கு!" என்று காவலர்கள் குரல் கொடுக்க, "பெருமை நமக்கு!" என்று அவர்கள் சொன்னார்கள். சொன்ன குரலில் பெருமை ஒன்றும் இல்லை. தோற்று வருகிறவன் குரலில் எப்படி இருக்கும் என்று காவலர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே வந்தவர்கள் முற்றத்தில் அமைதியாக நின்றார்கள். அப்போது மலைக்கு மேலிருந்து ஒரு சீழ்க்கை கேட்டது. முற்றத்தில் நின்றவர்களில் பாதிப்பேர் திரும்பி, பக்கத்தில் இருந்தவர்களின் கழுத்தைப் பிடித்தார்கள்.

அந்தப் பாதிப்பேர் செத்தவர்கள். அவர்களை மதிலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவதற்குள் கோட்டை பட்ட பாட்டை நான் விவரிக்கப் போவதில்லை. கொற்றியின் கழுதை மாதுளை அன்று உதைத்த உதைகளைப் பற்றி மட்டும் நெடுங்காலம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதிகமாகப் பேசியது மாதுளைதான்.

அதற்குப் பிறகு கதவு திறக்கப்படவில்லை. ஆனால் வெளியே ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். செத்தவர்களும் உயிரோடிருப்பவர்களும் கலந்து நின்றார்கள். மதிலின் மேலிருந்து பார்த்தால் எல்லோரும் ஒன்றுபோலத்தான் தெரிந்தார்கள்: அழுக்கு, காயம், குழிவிழுந்த கண்.

கொற்றி என்னென்னவோ செய்து பார்த்தாள். படையின் அடையாளச் சொல்லைக் கேட்டாள். பிணங்கள் சரியாகச் சொல்லின. ஊர் கேட்டாள், தாயின் பெயர் கேட்டாள், முதல் சண்டையில் எந்தக் கையில் அடிபட்டது என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் விடை வந்தது. செத்தவர்களுக்கு நினைவு கெடுவதில்லை. அவர்களுக்கு இல்லாமல் போவது அக்கறை மட்டும்தான். மேலிருந்து கூழாங்கல்லை வீசினாள். உயிரோடிருந்தவர்கள் "ஆ" என்றார்கள். அதைப் பார்த்த பிணங்கள் அடுத்த முறை அவர்களுக்கும் முன்பாக "ஆ" என்றன.

நாயைக் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டார்கள். கோட்டை நாய் மதில் விளிம்பில் மூக்கை நீட்டி நெடுநேரம் முகர்ந்தது. "தலைவி, பிணங்கள் கற்பூர வாசனை அடிக்கின்றன. உயிரோடிருப்பவர்கள் குளித்து எத்தனை நாளாயிற்றோ தெரியாது, எல்லாம் கலந்து கிறுகிறுக்கிறது. இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது.

அப்போது தலைநகரிலிருந்து பேரரசியின் ஆணை வந்தது. வரும் அமாவாசையன்று உச்சிவேளைக்குள் கணவாயில் நிற்கும் அனைவர் மீதும் கொதிக்கும் எண்ணெயை ஊற்றி நெருப்பு வைத்துவிட வேண்டும். உயிரோடிருப்பவர்கள் இருந்தால் வீரமரணம் எய்தியதாகக் கருதப்படுவார்கள்.

கொற்றி ஆணையைக் கேட்டுவிட்டு மதிலுக்குப் போனாள். கீழே நின்ற ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். செம்பன் இல்லை. இன்று இல்லை. நாளை வந்து நிற்பானோ என்னவோ! வந்தால், அவன் அவன்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெரியாமல் எண்ணெயைச் சாய்ப்பதா, தெரியாமல் கதவைத் திறப்பதா?

மாதுளை சோற்றுப் பானைகளைச் சுமந்துகொண்டு சரிவுப் பாதையில் மேலே ஏறி வந்தது. காவலர்களின் பகல் உணவு. "கொற்றி, இறக்கு. முதுகு போச்சு" என்றது.

கொற்றி பானையை இறக்கினாள். அப்போது கீழே ஒரு முகம் தெரிந்தது. படையில் கொடி தூக்கும் மூக்கன். முன்பெல்லாம் அவருடைய தொந்தி கொடிக்கு முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். இப்போது இடுப்புக் கச்சையை முதுகு வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தார். அவர் அண்ணாந்து சோற்றுப் பானையைப் பார்த்தார். பிறகு பார்க்காதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கொற்றியின் வாயிலிருந்து, அவள் நினைப்பதற்கு முன்பே, அந்தக் கேள்வி வந்துவிட்டது.

"மூக்கண்ணே, சாப்பிட்டீங்களா?"

மதிலின் மேல் இருந்த காவலர்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் ஈட்டியை நழுவவிட்டான். மாதுளைகூடக் காதுகளை மடக்கிக்கொண்டது.

மூக்கன் முகம் சிவந்தது. தலையைக் குனிந்துகொண்டார். "ஆச்சும்மா," என்றார். பிறகு, அவமானத்தை எங்காவது தள்ளிவிட வேண்டுமே என்பதுபோல, "நீங்க?" என்றார்.

அவருக்குப் பக்கத்தில் நின்ற வீரன் தானும் ஒரு கேள்வி கேட்கப்பட்டதாக எண்ணிக்கொண்டான். "போர் நடந்த அன்று காலை, தினைக் கஞ்சி. அதன் பிறகு இல்லை" என்றான். வெட்கமோ வருத்தமோ இல்லாமல், கல்வெட்டைப் படிப்பதுபோலச் சொன்னான்.

கொற்றி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாதுளை, இவங்க ரெண்டு பேர்ல யாரு பொய் சொல்றாங்க?"

"தொந்தி காணாமப் போன ஆளு. அப்பட்டமான பொய்."

"செத்தவன் எதுக்குப் பொய் சொல்லப்போறான்? யாருகிட்ட மானம் போயிடும்னு அவனுக்குப் பயம்?" என்று சொல்லிவிட்டு, கொற்றி கயிற்றை இறக்கச் சொன்னாள்.

மூக்கன் மேலே வந்து உட்கார்ந்து, "எனக்குப் பசியே இல்லம்மா" என்று சொல்லிக்கொண்டே ஒரு பானையைக் காலி செய்தார்.

அன்று முழுவதும் கொற்றி மதிலின் மேல் நின்று அந்த மரியாதை கெட்ட கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். உண்மை சொன்னவர்களை வெளியிலேயே விட்டாள். பொய் சொன்னவர்களை உள்ளே இழுத்தாள். ஒரு கோட்டை வாயிலில் நேர்மைக்கு இவ்வளவு இழிவு அதற்கு முன்னும் பின்னும் நேர்ந்ததில்லை.

ஊமத்தன் முட்டாள் அல்ல. மலை மேலிருந்து உற்றுக் கேட்டான்; 'ஆச்சு' மட்டும் காதில் விழுந்தது. மறுநாள் வந்த பிணங்கள் எல்லாம் கேட்டதும் "ஆச்சு" என்றன.

காவலர்கள் கலங்கிப்போனார்கள். கொற்றி கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தாள்.

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சுங்க... நீங்க?"

கேட்ட கேள்வி கேட்டவரிடமே திரும்பி வருகிறதா என்பதுதான் செய்தி என்று அவளுக்குப் பிடிபட்டது. இன்னொருவர் வயிறு நிறைந்ததா என்று செத்தவனுக்கு என்ன வந்தது? "நீங்க?" என்று கேட்டவர்களுக்குக் கயிறு இறங்கியது. "ஆச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றவர்கள் நின்றபடியே நின்றார்கள். ஒவ்வொரு கயிறு இறங்கும்போதும் கொற்றி செம்பனைத் தேடினாள். அவன் வரவில்லை.

ஊமத்தன் குழம்பினான். அவர்கள் என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று அருகே போய்க் கேட்டுவர ஓர் ஒற்றன் தேவைப்பட்டான். பிணங்களுக்குக் காது உண்டு, கவனம் இல்லை. ஆகவே கோரைப்பல்லன் ஒருவனை அனுப்பினான். அவன் பெயர் உலக்கை. கோரைப்பல்லர் பிள்ளைகளுக்கு, அவை முதன்முதலில் கடித்த பொருளின் பெயரையே வைப்பார்கள். உலக்கையின் தங்கை பெயர் வாசற்படி.

உலக்கை பிணம்போல நடிக்க முயன்று, முடியாமல், நேராகக் கதவுக்கு வந்து முட்டினான்.

காவலர்கள் வில்லை வளைத்தார்கள். கொற்றி கையை உயர்த்தினாள். கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் பழகியிருந்தது. "சாப்பிட்டீங்களா?"

உலக்கை சுற்றுமுற்றும் பார்த்தான். தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று உறுதியானதும் சொன்னான்:

"இல்ல."

செத்தவர்கள் உண்மை சொல்வார்கள், உயிரோடிருப்பவர்கள் பொய் சொல்வார்கள் என்று எல்லோரும் இப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார்கள். இவன் உயிரோடிருக்கிறான்; உண்மை சொல்கிறான்; அதுவும் மானம் ரோசம் எதுவும் இல்லாமல் சொல்கிறான்.

"இதுக்கு என்ன செய்யணும்?" என்று கேட்டான் ஒரு காவலன்.

"இல்லைன்னு சொன்னா என்ன செய்வாங்க? சோறு போடணும்" என்றாள் கொற்றி.

ஒரு கூடையில் சோற்றுருண்டைகளை வைத்து இறக்கினார்கள். கூடை மேலே வரவில்லை. உலக்கை அதையும் சேர்த்துத் தின்றிருந்தான். இரண்டாம் முறை அண்டாவில் இறக்கினார்கள். அண்டா பற்குறிகளோடு திரும்பி வந்தது. கடைசியில் உலக்கை தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வயிற்றைத் தடவிக்கொண்டான்.

"இத யாரும் எங்கிட்டக் கேட்டதில்ல" என்றான்.

"உங்க ஊமத்தன் சோறு போட மாட்டானா?"

"அவனே திங்க மாட்டான். தின்னா மந்திரம் கலஞ்சிரும். அவன் பட்டினியிலதான் பொணமெல்லாம் நிக்குது. பக்கத்துல எவனாவது அடுப்பு மூட்டுனா வாசன பொறுக்காம அடிப்பான். அதனால நாங்களும் பட்டினி. ஒங்க ஊருக்குள்ள போனாச் சோறு இருக்குன்னான், அதான் சண்டைக்கு வந்தோம்."

"செம்பன்னு என் தம்பி. நெத்தியில தழும்பு இருக்கும். பாத்தியா?"

உலக்கை முகத்தைச் சுளித்து யோசித்தான். "ஒங்க ஆளுங்க எல்லாம் எனக்கு ஒரே மாதிரிதான் இருக்கீங்க. தப்பா எடுத்துக்காத" என்றான்.

அவன் திரும்பிப் போய், தன் கூட்டத்தாரிடம் என்ன சொன்னானோ தெரியாது; மாலைக்குள் கோரைப்பல்லர் அத்தனைபேரும் ஆயுதங்களைப் போட்டுவிட்டுக் கணவாயின் கிழக்குச் சரிவில் வந்து வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். ஊமத்தனிடம் அவன் ஒற்றனாகவும் நேர்மையாகத்தான் நடந்துகொண்டான். "சாப்பிட்டாச்சான்னு கேப்பாங்க. ஆச்சு, நீங்கன்னு சொல்லணும். நான் இல்லன்னு சொன்னேன், அதான் நல்லது" என்று வாசலில் காதில் விழுந்ததை உள்ளபடி சொல்லிவிட்டு வந்திருந்தான்.

அமாவாசை விடிந்தது. மதிலின் மேல் கொப்பரைகளில் எண்ணெய் சூடேறிக்கொண்டிருந்தது. பேரரசியின் ஆணைப்படி உச்சிவேளைக்குள் சாய்க்க வேண்டும்.

வடக்கேயிருந்து பிணப்படை முழுவதும் வந்தது. கணவாய் இந்தப் பக்கம் முதல் அந்தப் பக்கம் வரை தலைகள். இந்த முறை ஊமத்தன் அவர்களைப் பக்குவமாகப் பழக்கியிருந்தான். "கேள்வி யாரிடமிருந்து வந்தாலும் 'ஆச்சு, நீங்க?' என்று சொல்லுங்கள். வேறு எதுவும் பேசாதீர்கள். வேறு பேசுகிறவனைப் பிடித்துக் கிழியுங்கள்" என்று கட்டளையிட்டிருந்தான். நல்ல கட்டளை. 'யாரிடமிருந்து வந்தாலும்' என்பதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். இருள் மந்திரவாதிகள் தனிமையில் வாழ்கிறவர்கள். நாலுபேர் கூடினால் பேச்சு எப்படிப் போகும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

கொற்றி முன்வரிசையில் நின்றவனைப் பார்த்துக் கேட்டாள்: "சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு, நீங்க?" என்றான் அவன்.

அவனுக்குப் பக்கத்தில் நின்றவன் காதில் "நீங்க?" என்பது விழுந்தது. கேள்வி! "ஆச்சு, நீங்க?" என்றான். அவனுக்குப் பக்கத்தில் நின்றவனும் "ஆச்சு, நீங்க?" என்றான். பின்வரிசைக்குக் கேட்டது. அங்கேயும் "ஆச்சு, நீங்க?" என்றார்கள். முன்வரிசை திரும்பி நின்று பின்வரிசைக்குப் பதில் சொன்னது. பின்வரிசை பக்கவரிசையிடம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கணவாய் முழுவதும் ஒரு பெரிய கல்யாண வீடுபோல இரைந்தது. எல்லோரும் எல்லோரையும் விசாரித்தார்கள். எல்லோரும் சாப்பிட்டிருந்தார்கள். யாரும் நகரவில்லை.

மலை மேலிருந்து ஊமத்தன் சீழ்க்கை அடித்தான். அடித்தான், அடித்தான், கன்னம் வலிக்க அடித்தான். அந்த இரைச்சலில் யார் காதில் விழும்?

மதிலின் மேல் காவலர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். மூக்கன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொற்றி சிரிக்கவில்லை. அவள் ஓரிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வரிசையில், நெற்றித் தழும்போடு, செம்பன் நின்றான். வெறித்த கண். சாம்பல் நிற முகம். இடப்புறம் திரும்பி "ஆச்சு, நீங்க?" என்றான். வலப்புறம் திரும்பி "ஆச்சு, நீங்க?" என்றான்.

"அக்காக்காரி, உக்காரு" என்றது மாதுளை, இதுவரை இல்லாத மெதுவான குரலில்.

கொற்றி உட்காரவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. எண்ணெய் புகையத் தொடங்கியது. கொப்பரைக்காரர்கள் அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் மதில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"செம்பா! சாப்பிட்டியாடா?"

அவன் அண்ணாந்தான். "ஆச்சு, நீங்க?"

எல்லோரும் சொன்னதுதான். அதே தொனி. கொற்றிக்குக் கண் மறைத்தது. ஆனால் கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"எனக்கும் ஆச்சுடா" என்றாள்.

செம்பனின் கண்கள் மட்டும் இடப்புறம் ஒரு முறை, வலப்புறம் ஒரு முறை நகர்ந்தன. இருபுறமும் பிணங்கள் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டிருந்தன. வேறு பேசினால் கிழித்துவிடும். அவன் எச்சிலை விழுங்கினான். பிறகு உதடு அசைந்ததா இல்லையா என்று தெரியாதபடி, அடித்தொண்டையில், கேட்டான்:

"என்ன கொழம்பு?"

அத்தனை இரைச்சலிலும் வளர்த்தவள் காதுக்கு அது கேட்டது. கொற்றி இருமினாளா அழுதாளா என்று சொல்ல முடியாத ஓர் ஒலி எழுந்தது. அடிவாரத்தில் ஆடுகள் திரும்பிப் பார்த்தன.

"சுண்டக்கா வத்தக் கொழம்புடா!"

"அய்ய," என்றான் செம்பன். "அப்பளமாச்சும் பொரிச்சியா?"

உலகத்தில் எந்தப் பிணமும் அப்பளம் கேட்டதில்லை. கயிறு இறங்கியது. அவன் அதைப் பற்றிய கணத்தில் பக்கத்துப் பிணம் அவன் காலைப் பிடித்தது, பிடித்த கையோடு "ஆச்சு, நீங்க?" என்று ஒரு கேள்வி பின்னாலிருந்து வர, பதில் சொல்லத் திரும்பியது. பிடி நழுவியது. செம்பன் மேலே வந்து விழுந்தான். தோற்ற நாள் முதல் பிணங்களுக்கு நடுவே பிணம்போல நடந்து, யாரும் பார்க்காதபோது காட்டு நெல்லிக்காயைக் கடித்து உயிர் பிழைத்தவன் அவன். கொற்றி அவனைக் கட்டிக்கொள்ளவில்லை. அதற்கு நேரம் இல்லை. சட்டியை எடுத்து முன்னால் வைத்தாள். அவன் சாப்பிடுவதைப் பார்த்தபடியே, எண்ணெய்க் கொப்பரைக்காரர்களிடம் திரும்பினாள்.

"அந்த எண்ணெயிலே அப்பளத்தப் போடுங்க" என்றாள்.

அப்பளம் பொரியும் வாசனை கணவாயெங்கும் பரவியது. அது மலை மேலேயும் ஏறியது.

சிறிது நேரத்தில் ஊமத்தன் இறங்கி வந்தான். படையைத் திட்டிச் சரிசெய்ய வந்ததாகத்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். எலும்பும் கறுப்பு அங்கியுமாக, பிணங்களை விலக்கிக்கொண்டு அவன் கதவுக்கு முன் வந்து நின்றபோது, கிழக்குச் சரிவிலிருந்து உலக்கை எழுந்து வந்தான். கையில் இருந்த வாழை இலையை ஊமத்தன் முன்னால் விரித்தான்.

"ஐயா, சாப்பிட்டீங்களா?" என்றாள் கொற்றி மேலிருந்து.

"ஆச்சு" என்றான் ஊமத்தன். அப்போது அவன் வயிறு ஒரு சத்தம் போட்டது. அது பாறையில் பட்டு எதிரொலித்தது.

"அது தெரியுது. இருந்தாலும் பேருக்கு ரெண்டு வாய் சாப்பிடுங்க."

"வேண்டாம்."

"வத்தக் கொழம்புங்க. இன்னைக்குதான் நல்லா வந்திருக்கு."

"நான் பெரும் விரதத்தில் இருக்கிறேன், பெண்ணே!"

"இலை போட்டாச்சுங்களே. போட்ட இலையை என்ன செய்யறது?"

இந்த இடத்தில் ஊமத்தனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இளமையில் அவன் தலைநகருக்கு வந்தவன். அரண்மனையில் பெரிய விருந்து. வாசலில் நின்றான். வருகிறவர்கள் எல்லோரும் "வெற்றி பேரரசுக்கு!" என்றார்கள். அவனும் ஒவ்வொருவருக்கும் "பெருமை நமக்கு!" என்றான். சாப்பிட்டாயா என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லையே. தானாகப் போய் உட்கார அவனுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. பந்தி முடிந்து இலை எடுத்தார்கள். அன்றே வடக்கே போய்விட்டான். ஒரு வேளைச் சோற்றுக்காகவா ஒரு பேரரசை அழிக்கப் புறப்படுவான் என்று கேட்பவர்கள், எந்தக் கல்யாண வீட்டிலும் பந்தியில் இடம் கிடைக்காமல் சுவரோரம் நின்றதில்லை என்று பொருள்.

ஊமத்தன் இலையைப் பார்த்தான். சுற்றிலும் பார்த்தான். பிறகு, கொஞ்சமாகப் போடுங்கள் என்று கையால் காட்டிக்கொண்டே, அங்கியைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மேலிருந்து கயிற்றில் இறங்கிய சோற்றையும் குழம்பையும் உலக்கை பரிமாறினான்.

முதல் வாய் உள்ளே போனதும் முன்வரிசைப் பிணங்கள் பேச்சை நிறுத்தின. குழம்பு முடியும்போது அவை தரையில் உட்கார்ந்தன. ரசத்துக்கு வரும்போது ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தன. அவன் மோர்ச்சோற்றை வழித்துச் சாப்பிட்டு முடித்தபோது கணவாய் முழுவதும் அமைதியாகப் படுத்திருந்தது. நடந்து நடந்து களைத்தவர்கள் நல்ல நிழலில் படுத்ததுபோல இருந்தது அந்தக் காட்சி. அவர்களை அவரவர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கோரைப்பல்லர் தோள் கொடுத்தார்கள். வழியெல்லாம் சோறு போட வேண்டியிருந்தது, போட்டார்கள்.

பேரரசிக்குச் செய்தி போயிற்று. தன் ஆணையை நிறைவேற்றாததற்காக அவள் முதலில் கோபப்பட்டாள். செய்தி கொண்டுபோன மூக்கன் அவளைப் பார்த்து, "நீங்க சாப்பிட்டீங்களா, அம்மா?" என்று கேட்டாராம். அரண்மனையில் அதற்கு முன் யாரும் அவளைக் கேட்டதில்லை. "இன்னும் இல்லை" என்றாளாம் அவள். அதன்பிறகு தண்டனையைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

ஊமத்தன் பொன்வரையில் எந்தப் பதவியும் ஏற்கவில்லை. மந்திரத்தையும் விட்டுவிட்டான். விருந்துகளில் பந்தி விசாரிக்கும் வேலையை மட்டும் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு இலையாகக் குனிந்து பார்த்து, சுவரோரம் யாராவது நிற்கிறார்களா என்று தேடிக்கொண்டிருப்பான். செம்பன் கோட்டையிலேயே இருந்தான். சுண்டைக்காயைக் கடைசிவரை இலை ஓரத்தில் ஒதுக்கிவைத்தான். கொற்றி திட்டிக்கொண்டே இருந்தாள்.

"வெற்றி பேரரசுக்கு!" என்பது நாளடைவில் மறந்துபோயிற்று, பேரரசும் அப்படியே. ஆனால் இன்றும் நாம் வாசலில் பார்த்தாலும், பேருந்தில் பார்த்தாலும், கடல் கடந்து போன பிள்ளையைத் தொலைபேசியில் பிடித்தாலும், எடுத்ததும் கேட்பது சாப்பிட்டாச்சா என்றுதான். பட்டினியாக இருந்தாலும் ஆச்சு என்கிறோம். கேட்டவர் அதை நம்புவதில்லை. நீங்க என்று திருப்பிக் கேட்கிறோம். அதோடு விடாமல் என்ன குழம்பு என்றும் கேட்கிறோம். "ஆச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறவரை நாம் ஒரு கணம் நின்று, ஆள் நன்றாகத்தான் இருக்கிறாரா என்று உற்றுப் பார்ப்பதும் தாழைக் கணவாயில் அப்பளம் பொரித்த அன்று முதல்தான்.